சாச்சி விட்ட நோன்பு

எங்கள் வீட்டில் நோன்பு கடமையில்லாதவர்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான், மற்றது சாச்சி, உம்மாவின் தங்கச்சி. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு முப்பது இன்னும் ஆகவில்லை. இதைக் கண்டுபிடித்தவள் நான்தான். பருவமடையாத பிள்ளைகளுக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் நோன்பு கடமையில்லை என்று குர்ஆன் மதுரசாவில் அன்றுதான் பாடம் நடந்திருந்தது. நான் நேரே குசினிக்கு வந்து, தேங்காய் திருவிக்கொண்டிருந்த சாச்சியிடம், நாம் இரண்டு பேரும் பகலில் சோறு தின்னலாம் என்று பெரிய சலுகை வாங்கி வந்தவள் போலச் சொன்னேன். உம்மா அகப்பைக் காம்பால் என் முதுகில் ஒன்று வைத்தாள். சாச்சி கோபிக்கவில்லை. யார் சொல்லித் தந்தது என்று மட்டும் கேட்டாள். மதுரசா ஹஸரத் என்றேன். சரி என்று மிச்சத் தேங்காயைத் திருவி முடித்தாள்.

சாச்சிக்கு வருத்தம், இந்த மன நோய், எப்போது தொடங்கியது என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: கடல் வந்த பிறகு. கடற்கரைப் பக்கம் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. அகதி முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் மகன் பிறந்தான். அதற்குப் பிறகு அவள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ஆனால் அப்போது ஊரில் பாதிப் பேருக்கு நித்திரை இல்லை. காற்றுக்கு ஒரு தகரம் விழுந்தாலும் கடல் வருகிறது என்று முழுத் தெருவும் மெயின் ரோட்டுக்கு ஓடும். எல்லோரும் ஓடுகிற ஊரில் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறாள் என்று யார் கண்டது? மற்றவர்கள் மெல்ல மெல்ல ஓட்டத்தை நிறுத்தினார்கள். அப்போதுதான் சாச்சி தனியாகத் தெரிந்தாள்.

சில கிழமைகள் தொடர்ந்து அவளுக்குச் சந்தோஷம் பொங்கும். விடிய விடிய கதைப்பாள், வீடு கழுவுவாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சாமான்களைத் தூக்கிக் கொடுப்பாள். பிறகு அதெல்லாம் வடிந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தோம், கையில் இஸ்முத் தாயத்துக் கட்டினோம். கடைசியில்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக். அங்கே கொடுத்த குளிசைகளில் சாச்சி நல்லாகத்தான் இருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் நோன்பு வந்தது.

நோன்பு மாதத்தில் ஷைத்தான்களுக்கு விலங்கிடப்படும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மாதம் முழுக்க அவளைத் தொந்தரவு செய்ய எவனும் வரப்போவதில்லை, பிறகு பகலில் குளிசை போட்டு எதற்கு நோன்பை முறிப்பது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். கூடியவர்களில் உம்மா இருந்தாள், எங்கள் வீட்டோடு தங்கியிருந்த சாச்சியின் புருஷன், சாச்சா, இருந்தார், சாச்சாவின் உம்மாவும் இருந்தார். குளிசைகள் அலுமாரிக்குப் போயின. பாதி நோன்பு தாண்டியதும் சாச்சி காப்புகளைக் கழற்றி வாசலுக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒரு மத்தியானம், மகனைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டாள். கடலுக்கு ஸலாம் சொல்லப் போனாளாம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் இருந்து இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கே சாச்சாவின் உம்மா ஓட்டோவில் வந்து பேரனைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் சாச்சாவும் போனார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து இருப்பார். அவர் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போனால் ஊருக்கு அது பாதித் தலாக். நல்லாகச் சுகமானால் பிள்ளையைத் தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எது நல்ல சுகம், அதை யார் அளப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நாட்டில் முப்பது வருஷச் சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் உம்மா வெளியே ஓடவில்லை. சாச்சியின் முகத்தைப் பார்த்தபடி குசினியில் நின்றாள். சாச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் வந்தது வெங்காயக் கண்ணீர் மட்டும்தான். கொஞ்ச மாதத்தில் நோன்பும் வந்தது. அப்போதுதான் நான் என் சலுகையைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

அன்று பின்னேரம் சாச்சி, தான் நோன்பு பிடிக்கப்போவதாகச் சொன்னாள். உம்மா பதறிவிட்டாள். போன வருஷத்து வினை போதும், நீ மத்தியானம் சின்னவளோடு சேர்ந்து சாப்பிடு, குளிசையைப் போடு, உனக்குத்தான் கடமையே இல்லையே என்றாள். நான் சொன்னதற்கு அடித்தவள் அதையே சொல்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கடம இல்லாதது புத்தி கெட்ட விசருக்கு ராத்தா. எனக்கு வருத்தம்," என்றாள் சாச்சி. "ஷைத்தானுக்கு விலங்கு போட்ட மாசத்திலதானே எனக்கு வந்த? அப்ப வந்தது ஷைத்தான் இல்ல. வருத்தத்துக்குக் குளிசை போடுவன். அல்லாஹ்வுக்கு நோன்பு புடிப்பன். ரெண்டையும் நான் செய்வன்."

உம்மா மார்க்க விஷயத்தில் வாய் கொடுத்துத் தோற்றதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சாச்சியின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மாதத்தை ஒழுங்காகக் கடந்து காட்டினால், பெருநாளன்று மகன் அவள் மடியில் இருப்பான்.

கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் உம்மா வந்திருந்தாள். டொக்டரோ விடியமுன் சாப்பிடும் ஸஹர் எத்தனை மணிக்கு, நோன்பு திறப்பது எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குளிசை நேரங்களை அதற்குள் மாற்றினார். நோன்பு திறந்த பிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இரவு இஷாத் தொழுகையோடு படுத்துவிட வேண்டும் என்றார். நித்திரை குழம்பினால் போட ஒரு சின்னக் குளிசையும் தந்தார்.

"ரெண்டு நாள் நித்திரை வராட்டி, என்ன நேரமெண்டாலும் நோன்பை விட்டுட்டு இந்தக் குளிசையைப் போடுங்க. அடுத்த நாள் இஞ்ச வாங்க. சரியா?"

சாச்சி அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாள். உம்மா, இது முழுக்கச் சுகமாகிவிடுமா என்று கேட்டாள். திரும்ப வராது என்று தன்னால் சொல்ல முடியாது, வருகிறதைக் கண்டுபிடிக்கப் பழகலாம் என்றார் டொக்டர். உம்மாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. டொக்டர் என்றால் சுகப்படுத்த வேண்டும், கண்டுபிடிக்கத்தான் பொலிஸ் இருக்கிறதே என்று வரும் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

சாச்சி நோன்பு பிடித்தாள். அவளைப் பார்த்து நானும் பிடித்தேன். என்னுடையது அரை நோன்பு; தொழுகைக்கு வுழூச் செய்ய வாய் கொப்பளிக்கும் தண்ணீரில் பாதி வெளியே வராது. சாச்சியுடையது முழு நோன்பு. ஸஹருக்கு எழும்பிக் குளிசை போட்டு மறுபடியும் படுப்பாள். பின்னேரம் கஞ்சி காய்ச்சுவாள். மற்றப் பெண்கள் இரவில் தராவீஹ் தொழுகைக்குப் போகும்போது எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும், சாச்சி படுத்திருப்பாள். நோன்பு பிடிக்கிறாவாம், தராவீஹுக்கு வரமாட்டாவாம், இது என்ன புது மார்க்கம் என்று பக்கத்து வீட்டில் கதை வந்தது. உம்மா சண்டைக்குக் கிளம்பினாள். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும், தன் நித்திரையை அவர்களா தருவார்கள் என்று சாச்சி அவளைப் பிடித்து உட்கார்த்தினாள்.

பாதி மாதம் தாண்டியது. வெள்ளிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் சாச்சாவின் உம்மா சொல்லி அனுப்பினார். பார்க்க வருவது மகனைக் காட்ட அல்ல, சாச்சியைப் பார்க்க என்று உம்மாவுக்குத் தெரியும். சாச்சிக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இருந்த அந்த இரண்டு நாளும் வீடு கல்யாண வீடாக இருந்தது. நான் ஸஹருக்கு எழும்பும்போது அவள் யன்னல் கம்பி துடைத்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஊஞ்சல், மகனுக்குப் பள்ளிக்கூடம், மகனுக்குப் பின்வளவில் கோழிக்கூடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாச்சிக்கு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். இவ்வளவு சிரிக்கிறவளுக்கு என்ன வருத்தம்? உம்மா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுத கையோடு ஓட்டோ வந்தது. நாலு வயது முடிந்த பையன் முதலில் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்றான். பிறகு சாச்சியின் மடியில் ஏறினான். அவள் அவனுக்கு ஊஞ்சல் கதையைத் தொடங்கினாள். ஊஞ்சலில் இருந்து தோணிக்குப் போனாள், தோணியில் இருந்து ஹஜ்ஜுக்குப் போனாள். கதை வேகம் பிடித்தது. பையன் கிலுகிலுவென்று சிரித்தான், நானும் சிரித்தேன். சாச்சாவின் உம்மா சிரிக்கவில்லை.

கதையின் நடுவில் சாச்சி நிறுத்தினாள். பையனை மெதுவாக இறக்கிவிட்டு உள்ளே போனாள். ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்து, எல்லோர் முன்னாலும், மண்டபத்தின் நடுவில் நின்று அந்தச் சின்னக் குளிசையை வாயில் போட்டு முழுக் கிளாஸையும் குடித்தாள். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது.

உம்மாதான் முதலில் சுதாரித்தாள். அவளுக்கு இப்போது நோன்பில்லாத நாட்கள் என்று சாச்சாவின் உம்மாவிடம் அவசரமாகச் சொன்னாள். அது என்ன நாட்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அது ஒரு பெண் நோன்பை விட்டதற்கு யாரும் மறுகேள்வி கேட்காத காரணம். அதைப் பிடித்துக்கொண்டு சாச்சி தப்பியிருக்கலாம்.

"பொய் செல்லாதீங்க ராத்தா," என்றாள் சாச்சி. பிறகு மாமியாரின் பக்கம் திரும்பினாள். "மாமி, எனக்கு ரெண்டு நாளா நித்திர இல்ல. போன முறையும் இப்பிடித்தான் தொடங்கின. அப்ப எனக்கு விளங்கல்ல. இப்ப விளங்கிது. அதான் நோன்ப உட்டுட்டன். விடிய கிளினிக்குக்குப் போறன். இண்டைக்கு மகன நீங்க கூட்டிட்டுப் போங்க."

சாச்சாவின் உம்மா எழும்பிப் பேரனுக்குக் கை நீட்டினார். பையன் போகமாட்டேன் என்று கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டோவில் ஏற்றியது சாச்சிதான். ஓட்டோ திரும்பும் வரை நிமிர்ந்து நின்றாள். பிறகுதான் சுவரில் சாய்ந்து அழுதாள்.

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் ஒரு துண்டு நேரம். அதைக்கூடத் தாங்கியிருக்க மாட்டாளா? பெருநாள் வரை நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைத்திருந்தாலும் அவள் அதிகம் பதில் சொல்லியிருக்க மாட்டாள். டொக்டர் மருந்தைக் கூட்டியிருந்தார், மிச்ச நோன்புகளை விடச் சொல்லியிருந்தார். பெருநாளன்று புதுச் சட்டையோடு மத்தியானம் வரை தூங்கினாள். எழும்பி உம்மா வைத்த இனிப்பு வட்டிலப்பத்தை அரைத் தூக்கத்தில் சாப்பிட்டாள். கடல் பக்கம் போகவில்லை. காப்பு யாருக்கும் போகவில்லை. அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மகன் வரவில்லை என்பதைத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாரி தொடங்குகிற நேரம், டொக்டர் சம்மதித்த பிறகு, சாச்சி விட்ட நோன்புகளைக் களாச் செய்யத் தொடங்கினாள். கிழமைக்கு ஒன்று பிடித்து அடைத்தாள். வீடு முழுக்க மீன் பொரித்துச் சாப்பிடும்போது ஒருத்தி மட்டும் பரிமாறிக்கொண்டு நிற்பாள். யாரும் பார்க்காத நோன்பு எதற்கு என்று கேட்டேன். இது தன் கடமை என்றாள். கடமை என்ற சொல்லை அவள் வட்டிலப்பம் போல ருசித்துச் சொன்னாள்.

அப்படி ஒரு நோன்பு நாளில், மழைக்குள், சாச்சாவின் உம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஒரு கையில் பையன், மறு கையில் அவன் உடுப்புப் பை. உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சாச்சிக்கு நோன்பு என்று தெரிந்ததும் அவரும் கோப்பையைத் தள்ளி வைத்தார். சாச்சியைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்டைக்கு இவள் குளிசையப் போட்டுட்டு, மகனக் கூட்டிட்டுப் போங்க எண்டு சென்னாள் கா. நான் கூட்டிட்டுப் போனன், ஆனா என்ட பயம் போயிட்டு. வாறத அறிஞ்சு செல்ற தாய்க்கிட்டப் புள்ளைய உடலாம்."

பிறகு ஒழுங்கு பேசினார்கள். நித்திரை குழம்பினால் சாச்சி உடனே ஆள் அனுப்ப வேண்டும், பையன் சில நாள் பாட்டி வீட்டில் இருப்பான், சுகமானதும் திரும்புவான். அந்த ஒழுங்கு இன்றுவரை பல முறை பயன்பட்டிருக்கிறது. சாச்சா அன்று பின்னேரமே தன் சேர்ட்டுகளோடு வந்து சேர்ந்தார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது, மகன் தன் கையால் ஊட்டிய ஈச்சம்பழத்தால் சாச்சி நோன்பு திறந்தாள்.

அவர்கள் பேசிய அத்தனையையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்டும் எனக்கு விளங்கவில்லை. விட்ட நோன்புகளைச் சாச்சி பிடித்து அடைத்தாள், அதனால்தான் மகன் திரும்பக் கிடைத்தான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நோன்பை விட்டதால்தான் கிடைத்தான் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்குத்தான் புத்தி சுவாதீனமில்லை என்று சொல்லியிருப்பேன்.