பொட்டு வைத்த பெட்டி

சந்தனப் பொட்டு வைத்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாளே அதைத் துடைத்து, பவர் பட்டனுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு சாமந்தி மாலை போட்டுவிடுவோம். பக்கத்தில் கேமரா, பிரிண்டர், படங்களின் பிரதியை வைத்திருந்த கையளவு டிஸ்க், எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. ராகலை பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள போட்டோ ஸ்டூடியோ அது. நான் அங்கே படம் திருத்துகிறவள். முதலாளியை எல்லோரும் ஸ்டூடியோ அண்ணன் என்போம். அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் இன்னும் கோபம் வரும்.

சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீடுகளின் முதல் நன்மை என்று எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருந்தன. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் படங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது லேசில்லை. கூரை ஒழுகி ஆல்பம் ஒட்டிப்போகும், போன் உடையும், இல்லையென்றால் கைமாறிப் போகும். அதனால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். "ஸ்டூடியோவுல இருக்கும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய விண்டோஸைச் செய்த கம்பெனியே அதை எப்போதோ கைகழுவிவிட்டது. மாற்றுங்கள் என்று அண்ணனிடம் நான் சொல்லாத நாளில்லை. அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். "பழசுக்கு எவன் தங்கச்சி இப்ப வைரஸ் செய்வான்? எல்லாப் பயலும் புதுசத்தான் தேடிப் போறான். நம்மளுதுல நெட்டும் இல்ல. இதவிட பத்திரம் எங்க இருக்கு?" நுவரெலியாவிலிருந்து கம்ப்யூட்டர் திருத்த வரும் மெக்கானிக் பாஸும் இதையே சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதோடு அது அண்ணனுக்கு வேதவாக்கு ஆகிவிட்டது.

அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதியதும் ஒன்றும் இரும்புக் கோட்டை இல்லை. அதிலும் ஓட்டைகள் இருக்கின்றன, மாதாமாதம் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் கண்டுபிடித்ததை அடைக்க அங்கே ஆள் இருக்கிறது. பழையதில் ஓட்டை எங்கே என்று திருடனுக்கெல்லாம் தெரியும், அடைக்கத்தான் ஒருவரும் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு மனிதருக்குப் புரியவைக்க முடியவில்லையே என்று இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பழசைப் புகழும் இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. லயத்துச் சுவர் வெடித்திருக்கிறது, மேட்டில் தண்ணீர் கசிகிறது என்று தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னால், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அசையாது என்பார்கள். அப்படிச் சொல்கிற, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு வருடம் தவறாமல் கூரை பார்ப்பார்கள். புதியது கொடுக்க மனமில்லாதவன் பழையதைப் புகழ்கிறான், நாமும் சேர்ந்து தலையாட்டுகிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தப் பேச்சைத்தான் அண்ணன் தன் கடைக்குள்ளும் பேசிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பூஜை முடிந்தால் கருவிகளைச் சும்மா வைக்கக்கூடாது, தொட்டு ஒரு நல்ல வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது அண்ணன் வழக்கம். அந்த வருடமும் பிரதி டிஸ்க் உட்பட எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மாட்டினார். தீபம் காட்டியது எல்லாவற்றுக்கும்தானே, ஒன்றை மட்டும் தள்ளிவைக்கலாமா என்றார். முதல் வேலை சாமி வேலையாக இருக்கட்டும் என்று, கோயில் கமிட்டிக்காரர் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினார். மாரியம்மன் பாட்டுகள் உள்ள பென். ஒரு தோட்டத்துத் திருவிழா முடிந்தால் அடுத்த தோட்டத்துக்குப் போகும், அங்கிருந்து ஸ்பீக்கர்க்காரர் வீட்டுக்கு, அப்புறம் யாரோ ஒருவருடைய ஆட்டோவுக்கு. கண்ட கண்ட கம்ப்யூட்டரில் எல்லாம் ஏறி இறங்கிய பென். செருகியவுடன் உள்ளே இருப்பதைக் கேள்வி கேட்காமல் தானாக ஓடவிடுவது அந்தப் பழைய விண்டோஸின் குணம். புதியவற்றில் அந்தக் கதவை எப்போதோ அடைத்துவிட்டார்கள். பாட்டு ஓடியது, கூடவே ஒட்டிவந்த வைரஸும் ஓடியிருக்கிறது. நாங்கள் பொரியும் கடலையும் தின்றோம். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கிலும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. திறக்க வேண்டுமானால் இவ்வளவு கொடு என்று திரையில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அண்ணன் வெளியே மூச்சு விடவில்லை. பெட்டியின் மேல் ஒரு டவலைப் போட்டு மூடினார். கேட்டு வந்தவர்களிடம் மிஷின் ரிப்பேர் என்று சொல்லச் சொன்னார். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மழை. உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், அசையாது என்று சொன்ன அதே மாதிரி லயம் ஒன்று மண் சரிந்து மேட்டோடு சேர்ந்து இறங்கியது. சில நாள் கழித்து அங்கிருந்து ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூட முகாமில் கொடுத்த பெரிய சட்டை போட்டிருந்தார். மூத்த மகள் மண்ணுக்குள் போய்விட்டாள், வீட்டில் ஒரு துரும்பும் மிஞ்சவில்லை, காரியத்துக்கு வைக்கப் படம் வேண்டும் என்றார். அந்தப் பிள்ளைக்குச் சடங்கு செய்தபோது படம் எடுத்தது நாங்கள்தான். நீலச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சிரிப்பை அடக்கமுடியாமல் நின்ற பிள்ளை. அவளுடைய கண் மையைத் திருத்தியவள் நான்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, படம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்றார். அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "இருக்குன்னு சொல்றீங்களே, அப்ப ஒருக்கா காட்டுங்க. கையில தர வேணாம். நான் பாத்துட்டுப் போயிர்றேன்." டவலை எடுத்து, பெட்டியைப் போட்டு, அந்தச் சடங்குப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தேன். பிள்ளையின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்னென்னவோ எழுத்துகள். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். அவர் விரலால் அந்த வெள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியில் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தியின் போனில் ஒரு படம் கிடைத்தது. விளையாட்டுப் போட்டியன்று எடுத்தது. முன்னால் நிற்கும் பிள்ளையின் தலை இவளுடைய முகத்தில் பாதியை மறைத்திருந்தது. அதைத்தான் வெட்டிப் பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொடுத்தேன். மீதி முகம் வரவில்லையே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அழவில்லை. "எனக்கு மீதி தெரியும் தங்கச்சி. இவ தம்பிக்கு மூணு வயசு. அவனுக்குத்தான் ஒன்னும் தெரியாமப் போயிரும்" என்றார். காசை எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. அதற்காக யாரும் அவரைப் பாராட்ட வேண்டியதில்லை.

இப்போது கடையில் புதிய கம்ப்யூட்டர் இருக்கிறது. புதிய விண்டோஸ், நெட்டும் உண்டு. அப்டேட் வந்திருக்கிறது என்று திரையின் ஓரத்தில் அறிவிப்பு வரும். அண்ணன் அதைப் பார்ப்பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுவார். டேட்டா தீர்ந்துவிடும், வேலை நின்றுவிடும், ஆட்கள் காத்திருக்கிறார்கள். புதியதையும் இப்படித்தான் எங்கள் கையாலேயே பழசாக்கிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் அறிவிப்பைத் தள்ளிவிடப் போன அவர் கையிலிருந்த மவுஸை நான் பிடுங்கிக்கொண்டேன். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். "என்ன தங்கச்சி இது, ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். நான் அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்டேட் முடியும்வரை நான் யாருக்கும் வேலை செய்யவில்லை.