துருவில் இருந்த விரல்

தென்காசியில் என்னைப் போல் இரும்புச் சாமானை பேக்கிங் செய்ய ஆளே கிடையாது. சும்மா சொன்னேன், நான் டேப் ஒட்டினால் என் சட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் குடோன் அண்ணாச்சி கையுறையைக் கழற்றவே மாட்டார். குற்றாலச் சாரல் காலத்தில் விரல் வேர்வை பட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். ஆனால் துருப்பிடித்த பம்பு ஷாஃப்ட் இரும்புத் தண்டு ஒன்றை, துரு தடுக்கும் மஞ்சள் தாளில் சுற்றி வைத்து, தினமும் பிரித்துப் பார்ப்பார். உதவி செய்கிறேன் என்று ஒருநாள் அதை உப்புத்தாளால் தேய்த்து நீட்டினேன்.

"மாப்பிள மாதிரி மின்னுது, பாத்தியளா அண்ணாச்சி!"

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, செத்துப்போன எம்மவன் வெறுங்கையோட தொட்டது இது. அவன் ரேகை துருவா நின்னுச்சு. அது அழிஞ்சிரக் கூடாதுன்னுதாம்லே தாள்ல சுத்தி வச்சிருந்தேன்."

கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் அந்த இடத்தைத் தடவினார். நான் அப்போது என்ன சொன்னேன் என்றால்...

"ஏலே, லாரி வந்துட்டு, வா!"

அண்ணாச்சிதான் இப்போது கூப்பிடுகிறார்.