ஜீப்பில் பத்து நிமிட ஜெபம்

"நாமளே பேசிக்கிட்டிருந்தா கர்த்தர் எப்பப் பேசுவாரு? தினம் பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டுக் கேளுங்க" என்றார் பாஸ்டர், போன ஞாயிற்றுக்கிழமை.

ஏலத்தோட்ட வேலைக்காரிக்கு ஏது பத்து நிமிடம்? தோட்டத்துக்குப் போகும் சக்குபள்ளம் ஜீப், ஆள் நிரம்பட்டும் என்று காத்து நிற்கும்போதுதான். இன்று முன்சீட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். என்ன நடந்தாலும் கண்ணைத் திறப்பதில்லை என்று வைராக்கியம்.

"என் டர்ன்ல நீ எப்பிடிடா ஆள் ஏத்துவ?" என்று இன்னொரு ஜீப்காரன் கத்தினான். எங்கள் டிரைவர் செல்வம் பதிலுக்குக் கத்தினான். பானெட்டில் யாரோ மோதி வண்டி குலுங்கியது. பிறகு எலும்பில் இரும்பு விழும் சத்தம். மூன்று தடவை.

சாத்தான் ஜெபத்தைக் கலைக்கிறான் என்று கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"யம்மா!" என்ற செல்வத்தின் அலறலில்தான் திறந்தேன். முன்கண்ணாடியெல்லாம் ரத்தம். அடித்தவன் ஜாக்கி லிவர் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில், தலையில் தையலோடும் முறிந்த கையோடும் செல்வம் கேட்டான்: "முன்னாடிதானக்கா இருந்தீக? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

கர்த்தர் இன்று என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் ஜெபத்தில் இருந்தேன்.

நீங்களெல்லாம் எத்தனையாவது அடியில் கண் திறப்பீர்கள்?