தழும்பு தேடும் நோயாளிகள்

வயிற்று ஆபரேஷன் வார்டில் நர்சாக இருப்பவளுக்கு, வருகிறவர் கேட்கப்போகும் முதல் கேள்வி தெரியும்: "எம்புட்டு நீளம் கிழிப்பாக?" சாத்தூரில் பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். ஆபரேஷன் தேதி குறித்த நாளிலிருந்து சோறு இறங்காமல் தவித்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. இப்போது பல ஆபரேஷன்களைச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, டிவியில் பார்த்தபடியே முடித்துவிடுகிறார்கள். அதை நோயாளிகள் நம்பும்படி செய்வதுதான் என் பாடு.

சீசாவில் கல்

தாயில்பட்டி மாரியம்மாள் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. பித்தப்பையில் கல். அவருடைய அம்மாவுக்கு இதே கல்லுக்காக அந்தக் காலத்தில் ஒரு சாண் கிழித்து, வாரக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் இரண்டு வருஷம் வலியைப் பொறுத்தவர், வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் வந்தார்.

காலையில் ஆபரேஷன். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வயிற்றில் நாலே நாலு சின்ன பிளாஸ்டர். திரும்பத் திரும்ப எண்ணினார். எடுத்த கல்லைச் சீசாவில் போட்டுக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது என் கல்லுதானா, இல்ல வாரவுகளுக்கெல்லாம் காட்டுற கல்லா?"

பெரிய கட்டு

சிவகாசி காதர் பாய் காலண்டர் வியாபாரி. குடலிறக்கத்துக்குத் துளை ஆபரேஷன் செய்து மறுநாளே வீட்டுக்குப் போனார். கனம் தூக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினோம். சீசன் நேரம். நாலாம் நாள் கடையில் காலண்டர் கட்டைத் தூக்கப் போனவரை, அவர் மனைவி நேரே எங்களிடம் இழுத்து வந்துவிட்டார்.

நல்லவேளை, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. "வலியே இல்லியே சிஸ்டர்" என்றார் பாய், பாவம்போல. அந்தம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "சும்மாவாச்சும் வயித்தச் சுத்திப் பெரிய கட்டா ஒண்ணு போட்டு விடுங்க. பாத்தா இவுகளுக்கே பயம் வரணும்."

மூணு பொட்டு

பாண்டியம்மாவை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. பட்டாசு ஆலை விபத்தில் பிழைத்தவர். இடுப்பிலும் வயிற்றின் ஒரு பக்கத்திலும் தீத்தழும்பு. சினைப்பையில் கட்டி என்றதும், "இந்த ஒடம்புல இனி கத்தி படக்கூடாது" என்று எழுந்துவிட்டார்.

டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, தழும்பை விட்டு விலகிப் பேனாவால் மூன்று புள்ளி வைத்தார். "இங்க, இங்க, இங்க. இம்புட்டுத்தான். சம்மதமாக்கா?" பாண்டியம்மா மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பிளாஸ்டர் பிரித்த அன்று கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பட்டாசு மருந்து வெடிச்சப்ப எங்கிட்ட யாரும் கேக்கல சிஸ்டர். இந்த மூணு பொட்டுதான் என்னயக் கேட்டு வச்சது."

துளை ஆபரேஷனில் எனக்கு இருக்கும் ஒரே குறை, யாரோடும் நாலு வார்த்தை பேசிப் பழகுவதற்குள் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவதுதான்.