புழு அள்ளிய கை

மாதுங்காவில் எதிர்வீட்டுக் கமலாவின் தொட்டி மீன்கள் கொழுகொழுவென்றிருக்கும். என் மீன்கள் நோஞ்சான்கள். என் வீட்டுக்காரர் டிராமிலிருந்து இறங்கியதும் நேரே அவள் தொட்டி முன்னால் போய் நிற்பார். எனக்கு வயிறு எரியும்.

அவள் மீன்களுக்கு இரையாக உயிர்ப்புழு போடுகிறாள் என்று தெரிந்தது. அவளிடம் விவரம் கேட்க மனம் வரவில்லை. நானே தாராவிச் சாக்கடையோரம் போய் ஒரு டப்பா நிறைய அள்ளி வந்தேன். அரிவாள்மணை கீறிய விரலாலேயே புழுக்களைப் பிரித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. டாக்டர் சீழைக் கீறி எடுத்துப் பென்சிலின் ஊசி போட்டார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலையே எடுத்திருக்கணும்" என்றார்.

கமலா ரசம்சாதம் கொண்டுவந்தாள். "வெறுங்கையாலயா எடுத்தேள்? நான் ஸ்பூனாலதான் எடுப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா மாமி?" என்றாள். அப்போதும் அவளுடைய வழவழப்பான விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கையில் கீறல் இருந்தால் புழுவைத் தொடுவதில்லை. மற்ற நாளில் ஸ்பூன்தான். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். தெரியாததைக் கமலாவிடமே கேட்கிறேன். கேட்கும்போது வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.