முன்வரிசையில் அத்தை

கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்ககத்து ஆண்டு விழா. நகைச்சுவை நாடகத்தில் டீச்சராக வந்த என் மகள், வசனத்துக்கு முன்னால் ஒரு நொடி சும்மா நின்றாள். சிரிப்பை வரவழைக்க என் அம்மாவும் அப்படித்தான் நிற்பாள்.

நான் ஆறாவது படித்தபோது, சிட்லபாக்கத்தில் அப்பாவின் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். காலனி நாடகத்தில் அம்மாவுக்கு வீட்டுக்காரம்மா வேஷம். முன்வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, மூக்கை உறிஞ்சி, ஒரு நொடி நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. மோட்டர் எதுக்கு இவ்ளோ நேரம் ஓடுதுன்னுதான் கேட்டேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தினமும் மாடிப்படியில் அத்தை நிற்பதும் பேசுவதும் அப்படியேதான். பின்னாலிருந்து யாரோ, "இது அவங்களேதான்!" என்றார்கள். நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாளோ? பயந்து பயந்து அத்தையைப் பார்த்தேன்.

அவள் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"உங்கம்மா சூப்பரா நடிக்கிறாடி!"

சிரித்தபடியே, இடுப்பில் செருகியிருந்த தன் முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டாள். நல்லவேளை, அத்தைக்குப் புரியவில்லை என்று மூச்சு விட்டேன்.

மேடையில் மகள் கண்ணை மூடி, நெற்றியில் ஒரு விரலை வைத்தாள்.

"நான் கோவமா பேசல. சாதாரணமாத்தான் கேக்கறேன். டிபன் பாக்ஸ் எங்க?"

அரங்கம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். நெற்றியிலிருந்த விரலை மெல்ல இறக்கிவிட்டு, எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.