ஆள் குறைந்த நாடு

செக்காலை ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கும் நாகநாதனுக்கு உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் விவரம் தெரியும். எந்த நாடு ராணுவத்துக்கு எவ்வளவு கொட்டுகிறது, எந்த நாட்டில் இளவட்டங்கள் எத்தனை பேர், எல்லாம் விரல்நுனியில். எதிர் டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு டீ ஆறிப்போகும். "ஒரு ஏவுகணை விலைக்கு இங்குட்டு இருந்து காளையார்கோவில் வரைக்கும் ரோடு போட்ரலாம்ப்பா" என்பார். சண்டை ஏன் வருகிறது என்பதற்கும் அவரிடம் பதில் உண்டு.

"வேலையில்லாத பயலுக எந்த நாட்டுல பெருத்துப் போறானுகளோ, அந்த நாடு சண்டைக்கு அலையும். ஆளு கொறஞ்ச நாடு சண்டையை இழுக்காது. யாரை வச்சு இழுக்கும்?"

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேச அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

அவருக்கு ஒரே மகன், சிவபிரகாஷ். வெல்டிங்கில் அப்பனை மிஞ்சியவன். இருபத்தேழு வயதாகியும் பெண் அமையவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால்தான் ஜாதகத்தையே கையில் வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் வேலை இருப்பதாக ஓர் ஏஜெண்ட் வந்தார். நாகநாதனின் மனைவி பாண்டீஸ்வரி குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுக் கேட்டாள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது.

பத்து நாள் கழித்து ஏஜெண்ட் பேச்சை மாற்றினார். சிங்கப்பூர் இல்லையாம், வேறு நாடாம், சம்பளம் இரட்டிப்பாம். அதன் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பனி கொட்டுகிற, வருஷக்கணக்காகப் பக்கத்து நாட்டோடு அடித்துக்கொண்டிருக்கிற நாடு.

"இன்னொருக்கப் பூக் கேட்டுருவோங்க," என்றாள் பாண்டீஸ்வரி. "நாம கேட்டது சிங்கப்பூருக்கு."

"சாமி சொன்னாச் சொன்னதுதான். திருப்பிக் கேட்டா நம்பாமக் கேக்குற மாதிரி ஆயிரும்," என்றார் நாகநாதன். அதோடு விட்டாரா? "அங்குட்டு வீட்டுக்கு ஒரு பிள்ளை. அதுலயும் பாதிப் பேரு பயந்து ஓடிட்டானுக. ஆளில்லாம சண்டை தானா நின்னுரும். நீ பயப்படாத."

பேசாமல் இன்னொரு தடவை பூவையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன்.

சிவபிரகாஷ் போய்ச் சேர்ந்த முதல் மாதம் தொழிற்சாலையிலிருந்துதான் பேசினான். பிறகு விசாவைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ராணுவத்தில் சேரும் ஒப்பந்தம் அது என்பது, லாரியில் ஏற்றிச் சீருடையைக் கையில் திணித்தபோதுதான் தெரிந்தது.

நாகநாதன் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மனுமேல் மனு கொடுத்தார். "கையெழுத்துப் போட்டிருக்காருங்கய்யா. மேல எழுதியிருக்கோம்," என்றார்கள், மரியாதையாகத்தான். ஏஜெண்டின் போன் அணைந்தே கிடந்தது. டீக்கடைக்குப் போவதை அவர் விட்டுவிட்டார். பாண்டீஸ்வரி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், யாருடைய போனிலிருந்தோ மகன் கூப்பிட்டான்.

"அப்பா, நாளைக்கு எங்களைச் சண்டை நடக்குற எடத்துக்குக் கொண்டு போறாக. இனிமே போன் தரமாட்டாக."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "உன்கூட எத்தனை பேருப்பா?" என்று கேட்டார்.

"பதினோரு பேரு. இந்த நாட்டுக்காரன் ரெண்டே பேருதான். மத்தவுக எல்லாம் நம்மள மாதிரி வந்தவுக."

நாகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் குறைந்த நாடு சண்டையை நிறுத்தாது. ஆள் பெருத்த ஊர்களில் வந்து அள்ளிக்கொண்டு போகும். இத்தனை வருஷம் பேப்பரைக் கரைத்துக் குடித்தவருக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"அப்பா, இது எப்ப முடியும்? நீங்க வெவரம் தெரிஞ்சவுக. சொல்லுங்க, அதை நெனச்சுக்கிட்டு இருந்துக்கிருவேன்."

அவருக்குப் பதில் தெரியும். ஆள் வந்துகொண்டிருக்கிற வரை முடியாது. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் இரண்டு பேர் அதே நாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு அலைவதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டிருந்தார்.

"பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும்ப்பா," என்றார்.

அந்தப் பக்கம் மகன் வாய்க்குள் நாளை எண்ணுவது கேட்டது.

"எழுபது நாளுதான். அது வரைக்கும் இருந்துக்கிருவேன்ப்பா," என்றான்.